பதினாலாம் நம்பர் காட்டில் ஆள் இல்லை

நவமணி வேலை பார்த்த ஈப்போ கம்ப்யூட்டர் ஆபீசில், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மெஷின் ஒரு சத்தமும் போடாது. திரையில் ஒரு வெற்று வரி வரும். அதற்கு அடியில் பச்சைக் கட்டம் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே நிற்கும். அவ்வளவுதான். உண்மையிலேயே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே வெற்று வரி. கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருந்தாலும் அதே வெற்று வரி. அந்த அமைதியைப் பார்த்து அவள் பயப்பட ஆரம்பித்தது எண்பத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில். அதற்கு முன்னால் அவளுக்கு அந்த மெஷின் மேல் கொள்ளைப் பிரியம்!

சுங்காயில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அண்ணன் ஐயாவுதான் பாலுக்கு மரம் சீவி, ஐந்தாம் படிவம் வரைக்கும் படிக்க வைத்தான். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவுக்கு வந்து, டைப்பிங் படித்து, கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டையில் துளை போடும் வேலையில் சேர்ந்தாள். அட்டைகள் போய்த் திரைகள் வந்தபோது மற்றப் பெண்கள் முனகினார்கள். இவள் மட்டும் புதுச் சட்டை கிடைத்தது மாதிரி போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நாளில் நிரல் எழுதவும் கற்றுக்கொண்டாள்.

ஆபீசின் மூளை லியோனார்ட். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் கித்தார் வாசிப்பவன், கோழி மாதிரி எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவன். வெளியிலிருந்து ஒன்றையும் வாங்காமல், தகவல்களைச் சேர்த்து வைத்துக் கேட்டபோது எடுத்துத் தருகிற ஒரு நிரலைத் தானே உட்கார்ந்து எழுதியிருந்தான். அதற்குக் 'கூடாங்' என்று பேர் வைத்தான். மலாயில் சரக்கு வைக்கும் கிட்டங்கி. "எதையும் உள்ள தள்ளலாம், எதையும் வெளிய இழுக்கலாம் லா" என்று பெருமையடித்துக்கொள்வான். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். தைப்பிங்கிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் ஆட்கள் வந்து டேப்பில் பதிந்து வாங்கிப் போனார்கள்.

அந்தக் கூடாங்கில் ஒரு குறி இருந்தது. இப்படி: >>. இரண்டு பெயர்களுக்கு நடுவில் அதைப் போட்டால், ஒன்றுக்குள் மற்றது அடங்கியது என்று கூடாங் எடுத்துக்கொள்ளும். கூட்டல் கணக்கில் ரெண்டையும் மூணையும் எப்படி மாற்றிப் போட்டாலும் அஞ்சுதான். இந்தக் குறி அப்படியில்லை, கழித்தல் மாதிரி. எது இடது பக்கம், எது வலது பக்கம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. பானைக்குள் அரிசி என்பதும் அரிசிக்குள் பானை என்பதும் ஒன்றா?

சுற்று வட்டாரத்தில் பழைய ரப்பர் தோட்டங்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு நிலக் கம்பெனி, தன்னுடைய காடுகளையெல்லாம் கூடாங்கில் ஏற்றச் சொன்னது. தோட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பர் உண்டு. பத்தாம் நம்பர் காடு, பதினாலாம் நம்பர் காடு என்பார்கள். எந்தக் காட்டில் எந்த லயம், அதாவது ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், இருக்கிறது என்பதும் ஏற்ற வேண்டும். வடக்குப் பக்கத்துத் தோட்டங்களை லியோனார்ட் எடுத்துக்கொண்டான். சுங்காய்ப் பக்கம் நவமணிக்கு.

"உன் ஊருதானே மணி. உனக்கு வரைபடமே வேணாம்."

"ஆமாண்ணே. கண்ண மூடிக்கிட்டே அடிப்பேன்."

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், பாவம்.

ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்தது. "அண்ணே, அம்புக்கு இடது பக்கம் எது வரணும்?" என்று கேட்டாள். லியோனார்ட் ஒரு கையில் டெலிபோன், மறு கையில் வடை. "கமெண்ட்ல எழுதியிருக்கேன் பாரு லா" என்று வடையை மென்றுகொண்டே சொன்னான்.

கமெண்ட் என்பது நிரலுக்கு நடுவில் மனுஷர்களுக்காக எழுதும் வரி. மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். நவமணி தேடிப் பிடித்துப் படித்தாள். 'மேலே வருவது இடது. அதன் கீழ் வருவது வலது.' ஒற்றை வரி. உதாரணம் கிடையாது.

அவளுக்கு அதில் குழப்பமே வரவில்லை. அதுதான் கொடுமை!

லியோனார்ட் டவுன் ஆள். அவனுக்கு நிலம்தான் மேலே. நிலத்துக்குள் வீடு. நவமணி தோட்டத்து ஆள். இருட்டு விலகுவதற்கு முன்னால், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி நிற்க, மேற்பார்க்கும் மண்டோர் முதலில் லயத்தைத்தான் கூப்பிடுவார். "பள்ளத்து லயம்! பன்னெண்டு, பதிமூணு, பதினாலு!" அப்படியென்றால் அந்தக் காடுகளைச் சீவும் பொறுப்பு பள்ளத்து லயத்து ஆட்களுடையது. லயம்தான் தலை. காடு அதற்குக் கீழே. "பதினாலு யாரு காடு?" என்று கேட்டால் "பள்ளத்து லயத்துக் காடு" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். காட்டுக்குள் லயம் இருக்கிறது என்று அங்கே ஒருத்தரும் பேசியதில்லை. பெரட்டுச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்த அவள் விரல்கள், யோசிக்காமலே லயத்தை இடது பக்கமும் காட்டை வலது பக்கமும் அடித்துக்கொண்டே போயின.

பள்ளத்து லயம் >> 14.

அந்த வரியை அடித்தபோது லேசாகச் சிரித்துக்கொண்டாள். அண்ணன் வீடு அங்கேதான் இருந்தது. தோட்டம் விற்றுப்போய், பாதிப் பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்பிய பிறகும் ஐயாவு அசையவில்லை. அவனோடு சேர்த்து ஒரு சில குடும்பங்கள் பதினாலாம் நம்பர் மேட்டுக் காட்டின் அடிவாரத்தில், பழைய கிணற்றை நம்பிக்கொண்டு ஒட்டிக் கிடந்தன.

நிலக் கம்பெனி ஆள் கார்த்திகேசு வாரம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். சட்டைப் பையில் மூன்று பேனா, கக்கத்தில் குடை.

"என்ன தங்கச்சி, உன் மெஷின் சாப்பிட்டு முடிச்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான் சார். அவசரமா?"

"பின்ன? பழைய மரத்துக்கெல்லாம் மருந்து பூசணும் லா. அடிப்பட்டையச் சீவிட்டு, சுத்தி ஒரு பட்டை பூசினா போதும், நின்ன இடத்திலயே காஞ்சு போகும். அப்புறம் எண்ணெய்க்குச் செம்பனை நடலாம்."

"ஆளுங்க இருக்கிற இடத்திலயுமா சார் பூசுவாங்க?"

"அங்க முன்னாடியே நோட்டீஸ் கொடுத்து, ஆட்டையும் மாட்டையும் கட்டச் சொல்லி, லோரியில தண்ணி அனுப்பணும். அதுக்குத்தானே உன்னக் கேக்கிறோம், எந்தக் காட்டுல ஆளு இருக்குன்னு. மத்த இடத்துல நோட்டீஸ் எதுக்கு? கொரங்குக்கா?"

தானே சொல்லித் தானே சிரித்தார். நவமணியும் சிரித்தாள்.

ஏற்றி முடித்ததும் லியோனார்ட் சோதித்துப் பார்த்தான். தான் ஏற்றிய வடக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று காடுகளைக் கேட்டான். லயங்கள் அழகாக வந்து விழுந்தன. கார்த்திகேசு கடைசித் தாளை வாங்க வந்த அன்றைக்கு நவமணி பல் டாக்டரிடம் போயிருந்தாள். அவர் தாளைப் புரட்டிவிட்டு, "சுங்காய் பக்கம் ஒண்ணுமே வரலையே?" என்று கேட்டிருக்கிறார். "அங்க தோட்டத்த வித்து எல்லாரும் டவுனுக்குப் போயாச்சு லா" என்று லியோனார்ட் சொல்லியிருக்கிறான். கேட்டவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருடைய நெஞ்சும் உறுத்தவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமானால் கிந்தா மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும், சாயங்காலம் வரைக்கும் கொட்டும். அப்படிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆபீஸ் டெலிபோன் அடித்தது.

"அலோ, மெஷின்காரி இருக்காளா?"

"அண்ணே! எங்கிருந்து?"

"சுங்காய் சீனத் தௌகே கடையிலருந்துதான். கடங்காரன் மாதிரி முறைக்கிறான், சீக்கிரம் பேசணும். ஏய், இராமசாமி மாமா ஆடு செத்துப்போச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா. மனுஷன் பிள்ளைய வாரிக் கொடுத்த மாதிரி உக்காந்திருக்காரு. ஆட்டுக்கு ஏதும் சீக்கு பரவுதான்னு அங்க பேப்பர்ல போட்டிருக்கா?"

"அண்ணே, மேட்டுல யாராச்சும் வந்தாங்களா? மரத்துக்கு ஏதாச்சும் பூசினாங்களா?"

"வந்தானுங்க போல. லோரி சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கமா ஏறி அந்தப் பக்கமாவே எறங்கிட்டானுங்க, நாங்க பாக்கல. மரத்துக்கு அடியில எல்லாம் ஈரமா ஒரு பட்டை. ஆடு அத நக்கிருச்சோ என்னமோ."

"உங்களுக்கு நோட்டீஸ் வரலையா? தண்ணி லோரி?"

"தண்ணி லோரியா? எங்களுக்கு எதுக்கு? கிணறுதான் நெறஞ்சு நிக்குதே. இந்த மழைக்கு மேட்டுத் தண்ணி பூரா அதுலதான..."

"அண்ணே, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க! கேக்குதா? குடிக்காதீங்க!"

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. மழைக்கு லைன் போய்விட்டது.

ரிசீவரைக் கீழே வைக்காமலே நவமணி திரைக்குத் திரும்பினாள். பதினாலாம் நம்பர் காட்டில் எந்த லயம் என்று கேட்டாள். வெற்று வரி. பச்சைக் கட்டம் கண் சிமிட்டியது. ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் கையால் ஏற்றியதாயிற்றே! பிறகு, ஏதோ கெட்ட வாசனை வந்த மாதிரி மெல்லக் குனிந்து, காட்டை வலது பக்கம் மாற்றிப் போட்டு அடித்தாள்.

வந்துவிட்டது. பள்ளத்து லயம். மற்றக் காடுகளையும் அப்படியே கேட்டாள். மேட்டு லயம். சுங்காய்ப் பக்கத்தில் அவள் ஏற்றிய அத்தனை லயமும் பச்சைப் பச்சையாக எழுந்து வந்து நின்றன. எல்லாம் தலைகீழாக.

"லியோ அண்ணே." அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிக்கொண்டாள். "இங்க வாங்களேன்."

அவன் வந்து, பார்த்து, தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைத்தான். "ஆண்டவரே" என்றான். பிறகு டெலிபோனைப் பிடித்தான். கார்த்திகேசு வெளியூர் போயிருந்தார். கம்பெனியில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுங்காய்ப் பக்கம் போன லைன் எல்லாமே ஊமையாகக் கிடந்தன. தாப்பா போலீசில் ஒருத்தர் எடுத்து, "பாலம் மேல தண்ணி ஓடுது, வடிஞ்சா ஆள் அனுப்புறோம்" என்றார்.

"வண்டி சாவி எங்க?" என்றாள் நவமணி.

லியோனார்டின் பழைய டாட்சன் கம்பாரையும் பீடோரையும் பாலத்து வெள்ளத்தையும் தாண்டி மழைக்குள் முட்டிக்கொண்டு போனது. வழியில் அவன் தானாகவே, "நான் ஒரு உதாரணமாச்சும் எழுதியிருக்கணும் லா" என்றான். "நான் ஒரு தடவையாச்சும் திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றாள் அவள். சாலையோரத்து ரப்பர் மரங்களின் உச்சி இலைகள் பழுக்க ஆரம்பித்திருந்தன. இலை உதிரும் காலமில்லை அது.

செம்மண் பாதையில் கார் சிக்கிக்கொண்டது. இறங்கி நடந்தார்கள். மழை விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. லயத்தை நெருங்கும்போது நவமணி நின்றுவிட்டாள். நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. பள்ளத்து லயத்து நாய்கள் தபால்காரனையே ஊர் எல்லை வரைக்கும் துரத்துகிற ஜாதி!

ஐயாவு வாசலில் குந்தியிருந்தான். முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"பாருடா, மெஷின்காரியே வந்துட்டா. ஆடு செத்ததுக்கு துக்கம் கேக்க வந்தியா?"

"அண்ணி எங்க?"

"உள்ள. வயித்தால போகுது, வாந்தி. நேத்து கருவாடு ஒத்துக்கல போல."

"நான் சொன்னது கேட்டுச்சா உங்களுக்கு? தண்ணி?"

"என்னமோ தண்ணின்னு கத்துன. லைன் போச்சு."

பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா அதற்குள் ஈயத் தம்ளரில் ஆவி பறக்கக் கோப்பி கொண்டுவந்துவிட்டாள். வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்காமல் பேசவே மாட்டாள் அவள். "மொதல்ல குடி புள்ள. நனஞ்சு வந்திருக்க. தம்பி, நீங்களும் எடுங்க. கிறிஸ்தவங்க எங்க வீட்டுக் கோப்பி குடிப்பீங்கதானே?"

நவமணி தம்ளரை வாங்கினாள். அப்படியே தரையில் கவிழ்த்தாள். லியோனார்ட் கையிலிருந்ததையும் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

பாப்பா அக்காவின் முகம் செத்துப்போனது. "ஈப்போ தண்ணி குடிச்சவளுக்கு எங்க கோப்பி நாறுதோ?"

"அக்கா, தண்ணியில மேட்டு மருந்து எறங்கியிருக்கு. எல்லாரும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாரு சொன்னா?" ஐயாவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஆளு இருக்கிற இடத்துல சொல்லாம பூசுவானா? தொரைமாரு காலத்திலகூட சொல்லிட்டுத்தான் பூசுவாங்க. எங்களக் கெளப்புறதுக்கு கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதைய நீ தூக்கிட்டு வந்திருக்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா இங்க வீடு இருக்காது."

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். அந்தப் பயம் பொய்யான பயமுமில்லை. வேறு தோட்டங்களில் அப்படி நடந்திருக்கிறது. உள்ளே வீரம்மா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

வேறு வழியில்லை. சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, கம்பெனிக்கு நீங்க இங்க இருக்கிறது தெரியாது. பதினாலுல ஆளே இல்லைன்னு மெஷின் சொல்லிருச்சு. அப்படிச் சொல்ற மாதிரி ஏத்தினது நான்தான். பெரட்டுல கூப்பிடுற மாதிரி, லயத்த முன்னால போட்டு காட்ட பின்னால போட்டேன். அவங்க காட்ட முன்னால போட்டுக் கேட்டாங்க. பதில் வரல. நாந்தாண்ணே. இந்தக் கைதான்."

ஐயாவு அந்தக் கையைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி உள்ளே பார்த்து, "வீரம்மா, எந்திரி. போலாம்" என்றான். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தான். "எல்லாரும் வாங்க! பானைத் தண்ணிய ஊத்துங்க! கிணத்து வாளிய அறுத்துப் போடுங்க!"

பாப்பா அக்காதான் இராமசாமி மாமாவை எழுப்பப் போனாள். போனவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிடும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. செத்த ஆடுகளின் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

சவுக்கு ஏற்றிவந்த லோரி ஒன்றை லியோனார்ட் பெரிய ரோட்டில் மறித்துக் கூட்டி வந்தான். மற்றவர்கள் பிழைத்தார்கள். வீரம்மாவுக்குக் கை விரல்களில் மரமரப்பு கடைசி வரைக்கும் போகவில்லை. மற்ற லயங்களுக்கு லியோனார்ட் சேற்றிலிருந்து காரை எடுத்து, அதிலேயே அலைந்து சொன்னான். அங்கெல்லாம் நல்ல வேளையாக மருந்து இன்னும் ஏறியிருக்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பியதும் நவமணி கூடாங்கின் நிரலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பேர் வாங்குகிற குறி ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பிடித்தாள். பெரியது சிறியது, முன்னால் பின்னால், உள்ளே வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே கமெண்ட் எழுதினாள். அந்த அம்புக் குறிக்கு மேல் இப்படி எழுதினாள்:

'இடது: நிலம். வலது: அதில் குடியிருப்பவர்கள். உதாரணம்: 14 >> பள்ளத்து லயம். யாருக்கு யார் பொறுப்பு என்று பார்க்காதே. எந்த மண் மேல் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று பார். மாற்றிப் போட்டால் மெஷின் தப்பு என்று சொல்லாது, காலி என்று சொல்லும். காலி என்று வந்தால் திருப்பிப் போட்டுக் கேள். அப்படியும் காலி என்றால் போய்ப் பார். இராமசாமி இங்கே இருந்தார்.'

லியோனார்ட் பின்னால் நின்று படித்தான். "கடைசி வரி வேணுமா மணி? ஆள் பேரு எல்லாம் கமெண்ட்ல போட மாட்டாங்க லா."

"படிக்கிறவன் நிக்கணும்ணே. ஒரு நிமிஷமாச்சும் நிக்கணும்."

அவன் அதை அழிக்கவில்லை. வேறு யாரும் அழிக்கவும் விடவில்லை. நவமணி அந்த ஆபீசில் இருந்த காலமெல்லாம், புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அந்த வரியில் முட்டி நின்று, "யார் அக்கா இராமசாமி?" என்று கேட்டார்கள்.

ஆனால் கமெண்ட் எழுதினால் இந்த ஊர் மெஷினில் மட்டும்தான் இருக்கும். ஏற்கெனவே டேப்பில் போன கூடாங்குகளில் பழைய ஒற்றை வரிதான் இருந்தது. நவமணி ஒவ்வோர் ஆபீசாக டெலிபோன் போட்டாள். சிலர் எழுதிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். கடைசியாக, லம்பங்கள் என்கிற ஈயச் சுரங்கங்களின் கணக்கை வைத்திருந்த ஒரு ஆபீசில் சீனி என்பவன் எடுத்தான். அவன் உற்சாகமான ஆள்.

"ஐயோ அக்கா, எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நல்லா வேலை செய்யுது. போன வாரம்கூட, மழை பலமா இருக்கே, லம்பத்துக் குட்டைக் கரை ஒடைஞ்சா கீழ எங்கயாச்சும் வீடு இருக்கான்னு கேட்டோம். ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. நிம்மதியா போச்சு."

வெளியே மத்தியான மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது இரைந்த இரைச்சலில் நவமணி டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தம்பி, ஏத்தும்போது இடது பக்கம் எத போட்டீங்க?"

"மேல வர்றததான் போட்டேன். கமெண்ட்ல அப்படித்தான இருக்கு? மனுஷங்கதானே அக்கா முக்கியம், அதான் ஆளுங்க குடியிருக்கிற கம்போங்க மேல வச்சு..."

டெலிபோனின் அந்தப் பக்கத்திலும் மழை பெய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எந்தக் குட்டை?" என்று கேட்டுக்கொண்டே நவமணி எழுந்துவிட்டாள். "சீக்கிரம் சொல்லு தம்பி, எந்தக் குட்டை?"